இளம் வேகப்பந்து வீச்சாளர்: தொடக்க ஓவரா, கடைசி ஓவரா?

ஒரு கிரிக்கெட் அணியில் வேகப்பந்து வீச்சாளர்கள் நால்வர் இருந்தாலும் நால்வரின் வேலையும் ஒன்றாக இருப்பதில்லை. புதிய பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தைத் தொடங்குவது ஒரு வேலை. பந்து தேய்ந்தபின், மட்டையாளர்கள் ஒவ்வொரு பந்தையும் எல்லைக்கோட்டுக்கு விரட்ட முனையும் நேரத்தில், கடைசி ஓவர்களை வீசி ஆட்டத்தை முடிப்பது மற்றொரு வேலை. முதல் வேலைக்குரியவரைப் புதுப்பந்து வீச்சாளர் என்றும் இரண்டாவது வேலைக்குரியவரை டெத் ஓவர் வீச்சாளர் என்றும் அழைப்பர். பதினைந்து முதல் இருபது வயதுக்குள் இருக்கும் ஒருவரை இவற்றுள் எதற்குப் பழக்குவது என்பது பள்ளி மைதானம் முதல் ஐ.பி.எல். அணிகள் வரை எழும் கேள்வி ஆகும். அவர் எந்த வகை ஆட்டம் ஆடுவார், என்ன சம்பாதிப்பார், முதுகும் முழங்காலும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பவை பெரும்பாலும் அந்த முடிவைப் பொறுத்தே அமைகின்றன. தமிழ்நாட்டில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த இடக்கை வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜன்.

பேஸ்பாலில் இதே கேள்வி

இந்தக் கேள்வியை நீண்ட காலமாக விவாதித்து வருபவர்கள் அமெரிக்க பேஸ்பால் பயிற்சியாளர்கள். பேஸ்பாலில் பந்து எறிபவரைப் பிட்சர் என்பர். ஒரு ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மூன்று பேரை அவுட் ஆக்க வேண்டும். ஆட்டத்தைத் தொடங்குபவர் ஸ்டார்ட்டர். அவர் ஐந்தாறு இன்னிங்ஸ் வரை தொண்ணூறு, நூறு பந்துகள் எறிவார். பிறகு பொதுவாக நான்கைந்து நாள் ஓய்வு. ஆட்டத்தை முடிப்பவர் க்ளோசர். அவர் பெரும்பாலும் கடைசி இன்னிங்ஸ் மட்டும் வருவார். பதினைந்து, இருபது பந்துகளில் வேலை முடிந்துவிடும். மறுநாளே மீண்டும் எறிவதும் உண்டு. மூன்று ஓட்டமோ அதற்குக் குறைவாகவோ முன்னிலையில் இருக்கும் அணிக்காகக் கடைசி இன்னிங்ஸை எறிந்து வெற்றியைக் காப்பாற்றினால் அது ‘சேவ்’ என்று அவர் கணக்கில் சேரும். 1969 முதல் இது அதிகாரப்பூர்வ புள்ளிவிவரமாக உள்ளது.

ஸ்டார்ட்டர் ஒரே மட்டையாளரை ஒரு ஆட்டத்தில் இரண்டு, மூன்று முறை சந்திக்கிறார். முதல் முறை ஏமாந்தவர் மூன்றாவது முறை ஏமாற மாட்டார். ஆகவே ஸ்டார்ட்டருக்கு மூன்று, நான்கு வகைப் பந்துகள் வேண்டும். க்ளோசருக்கு அந்தத் தேவை இல்லை. மிக நல்ல பந்து ஒன்றோ இரண்டோ இருந்தால் போதும். நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேரா 652 சேவ்களுடன் ஓய்வு பெற்றவர். 2019இல் புகழ் மன்றத்துக்கு ஒரு வாக்குகூட எதிராக விழாமல் தேர்வான முதல் வீரர். அவர் புகழ் பெற்றது ‘கட்டர்’ என்ற ஒரே பந்தால். பலர் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. 1995இல் முதன்முதலாகப் பெரிய அணிக்கு வந்தபோது ரிவேரா ஸ்டார்ட்டராகத்தான் இறக்கப்பட்டார். பத்து ஆட்டங்களைத் தொடங்கினார், சோபிக்கவில்லை. அதன்பிறகுதான் கடைசி இன்னிங்ஸுக்கு அனுப்பப்பட்டார். டென்னிஸ் எக்கர்ஸ்லி 1975 முதல் பன்னிரண்டு பருவங்கள் ஸ்டார்ட்டராக இருந்து, 1987இல் ஓக்லண்ட் அணிக்கு மாறியபின் க்ளோசர் ஆனார். 1992இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதையும் மிகச் சிறந்த பிட்சர் விருதையும் சேர்த்தே வென்றார்.

எதிர்த்திசையிலும் ஆட்கள் உண்டு. ஆடம் வெயின்ரைட் 2006இல் செயின்ட் லூயிஸ் அணிக்கு க்ளோசராக நின்று உலகத் தொடரின் கடைசி அவுட்டை எடுத்தார். அடுத்த ஆண்டே ஸ்டார்ட்டர் ஆனார். 2023இல் ஓய்வு பெறும்போது அவர் பெயரில் 200 வெற்றிகள் இருந்தன. ஜோபா சேம்பர்லைன் கதை வேறு. 2007இல் யாங்கீஸ் அணியின் கடைசிக் கட்டப் பிட்சராகக் கலக்கிய இளைஞர் அவர். 2008இல் ஸ்டார்ட்டராக மாற்றப்பட்டார், தோளில் காயம் பட்டார், 2010இல் மீண்டும் பழைய வேலைக்கு அனுப்பப்பட்டார், 2011இல் முழங்கை அறுவை சிகிச்சைக்கு உள்ளானார். இங்கும் அங்கும் இழுபட்டதால்தான் கெட்டார் என்போரும், எப்படியும் அந்தக் கை தாங்கியிருக்காது என்போரும் இன்றும் இருக்கிறார்கள்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. 2008இல் இந்தியாவில் நடந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற எறிதல் போட்டியின் வழியாக ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் இளைஞர்கள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் ஒப்பந்தம் பெற்றனர். 2014இல் இவர்கள் கதை திரைப்படமாக வந்தது, இசை ஏ. ஆர். ரகுமான். பேஸ்பாலையே அறியாமல் வந்த ரிங்கு சிங் கீழ்நிலை லீகுகளில் பெரும்பாலும் ஆட்டத்தின் இடையில் வரும் பிட்சராகவே பயன்படுத்தப்பட்டார். நான்கு வகைப் பந்து கற்க ஆண்டுகள் பிடிக்கும். ஒன்றை வைத்து ஒரு இன்னிங்ஸ் தாக்குப்பிடிக்கலாம்.

கிரிக்கெட்டில் எங்கே வேறுபடுகிறது

பேஸ்பாலில் ஆட்டத்திலிருந்து மாற்றப்பட்ட பிட்சர் அன்று மறுபடி வர முடியாது. கிரிக்கெட்டில் முதல் ஓவரை வீசியவரே இருபதாவது ஓவரையும் வீசலாம். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவருக்கு நான்கு ஓவர், அதாவது 24 பந்துகள். அவற்றை இரண்டாகப் பிரித்துத் தொடக்கத்தில் இரண்டு, முடிவில் இரண்டு எனத் தலைவர் கொடுக்கலாம். எனவே ‘இதுவா, அதுவா’ என்ற பேஸ்பால் கேள்வி இங்கே ‘முதலில் எதைக் கற்பது’ என்று மாறிவிடுகிறது. உழைப்பின் அளவில் உள்ள வேறுபாடு ஓவரைப் பொறுத்ததாக இல்லாமல் ஆட்ட வகையைப் பொறுத்ததாக அமைகிறது. கடைசி ஓவர் வல்லுநர் இருபது ஓவர் ஆட்டத்தில் 24 பந்துகள் வீசுகிறார். புதுப்பந்து வீச்சாளர் ஒருவர் டெஸ்ட்டில் ஒரே நாளில் நூறு பந்துகளைத் தாண்டக்கூடும்.

இரு வேலைகளின் நுட்பமும் வேறு. புதிய பந்தில் தையல் மேடாகவும் தோல் பளபளப்பாகவும் இருக்கும். மணிக்கட்டைத் தையலுக்கு நேர்ப் பின்னால் வைத்து, நல்ல நீளத்தில் விடாமல் வீசுபவருக்குப் பந்து காற்றில் வளையும் அல்லது தரையில் பட்டு விலகும். ஸ்லிப் நிற்கும், விக்கெட் எடுப்பதே நோக்கம். இருபது ஓவர் ஆட்டத்தின் முதல் ஆறு ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர் மட்டுமே நிற்கலாம் என்பதால் தவறும் பந்து நான்காகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மட்டையாளரும் அப்போதுதான் களத்துக்கு வந்தவர். கண் பழகவில்லை.

கடைசி ஓவர்களில் நிலைமை தலைகீழ். மட்டையாளர் நிலைத்துவிட்டார். பந்து வளையாது. ஐந்து பேர் எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள், ஆயினும் அவர் தூக்கித்தான் அடிக்கப் போகிறார். இங்கே காப்பது யார்க்கர்: மட்டையாளரின் கால்விரலையோ மட்டையின் அடியையோ தேடிச் செல்லும் பந்து. ஒரு அடி குறைந்தால் அது அவருக்கு வாகான பந்து. ஒரு அடி கூடினால் ஃபுல்டாஸ். இத்துடன் கைவேகம் மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் மெதுவான பந்து, அகலமாக வீசும் யார்க்கர், களத்தடுப்பு எப்படி நிற்கிறது என்பதை வைத்து எதை வீசுவது என்று ஓடிவரும்போதே முடிவு செய்வது எனப் பல உண்டு.

மனநிலையும் ஒரு திறமைதான். 2019 ஐ.பி.எல். இறுதி ஆட்டம் ஐதராபாத்தில் நடந்தது. மும்பையின் லசித் மலிங்கா தமது மூன்றாவது ஓவரில் 20 ரன் கொடுத்துவிட்டார். சென்னை வெல்லக் கடைசி ஓவரில் 9 ரன் தேவைப்பட்டபோது பந்து அவரிடமே தரப்பட்டது. கடைசிப் பந்தில் ஷர்துல் தாக்கூரை எல்.பி.டபிள்யூ. முறையில் வீழ்த்தினார், மும்பை ஒரு ரன்னில் வென்றது. அவருடைய நான்கு ஓவர் கணக்கு 49 ரன். எண்ணை மட்டும் பார்ப்பவர் அன்று அவர் மோசமாக வீசினார் என்றே சொல்வார்.

டென்னிஸ் பந்தில் பிறக்கும் யார்க்கர்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இருந்து வரும் வேகப்பந்து வீச்சாளர் ஏன் கடைசி ஓவர் வல்லுநராகவே முதலில் அறியப்படுகிறார் என்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. தேவகோட்டை, காரைக்குடி, திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் கோடையில் வற்றிய கண்மாயிலும் பள்ளி விடுமுறையில் காலி மைதானத்திலும் நடப்பவை பெரும்பாலும் டென்னிஸ் பந்துப் போட்டிகள். தோல் பந்து, வலை, ஆடுகளம், காலுறை எல்லாம் செலவு. டென்னிஸ் பந்துக்கு ஒரு மட்டையும் மூன்று குச்சியும் போதும். ஆட்டம் ஆறு அல்லது எட்டு ஓவர். முதல் பந்திலிருந்தே சிக்சர் அடிக்கத்தான் மட்டையாளர் வருகிறார். அங்கே தொடக்க ஓவர் என்ற ஒன்றே கிடையாது. எல்லாமே கடைசி ஓவர்தான்.

டென்னிஸ் பந்துக்கு எடை குறைவு, உயர்ந்த தையல் இல்லை. நல்ல நீளத்தில் விழுந்தால் மட்டைக்கு வாகாக எழும்பி வரும். அடி வாங்காமல் தப்ப ஒரே வழி காலடியில் வீசுவது. ஆயிரக்கணக்கான பந்துகளை இப்படி வீசிய பையனுக்கு யாரும் கற்றுக்கொடுக்காமலே யார்க்கர் வந்துவிடுகிறது. புதிய தோல் பந்தைத் தையல் நிமிர்ந்து நிற்க விடுவது மட்டும் வருவதில்லை, அப்படியொரு பந்து கையில் கிடைக்காததால். இலங்கையின் காலிக்கு அருகில் ரத்கமவில் வளர்ந்த மலிங்காவின் பக்கவாட்டு வீச்சும் கடற்கரை மணலிலும் மென்பந்து ஆட்டங்களிலும் உருவானதே.

2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் இந்தப் பையன்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. செட்டிநாட்டுப் பெயரில் காரைக்குடி காளை என்ற அணியும் முதல் பருவத்திலிருந்து அதில் ஆடியது. பின்னர் அது திருப்பூர் அணியாக மாறியது. தொலைக்காட்சியில் வரும் இருபது ஓவர் லீகில் தேர்வாளர்களின் கண்ணில் முதலில் படுவது யார்க்கர்தான்.

நடராஜன்: முடிப்பவராக வந்து தொடங்கியவர்

நடராஜன் 1991இல் பிறந்தவர். இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். ஊர்க்காரரும் வழிகாட்டியுமான ஜெயபிரகாஷின் ஊக்கத்தால் சென்னைக்கு வந்து நான்காம் டிவிஷன் லீகில் தொடங்கி, ஜாலி ரோவர்ஸ் போன்ற முன்னணி அணி வரை ஏறினார். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக முதல் ஆட்டம். உடனே ஒரு தடை வந்தது. அவருடைய வீச்சு முறை சந்தேகத்துக்குரியதாகக் கருதப்பட்டதால் தமிழ்நாட்டுப் பயிற்சியாளர்களின் உதவியோடு கையை வைக்கும் விதத்தையே மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. இருபது வயதுக்குப் பிறகு தோல் பந்துக்கு வந்ததன் விலையில் இதுவும் ஒரு பகுதி எனலாம். பன்னிரண்டு வயதில் ஒரு பயிற்சியாளர் பார்த்திருந்தால் சில வாரங்களில் திருத்தியிருப்பார்.

2016இல் திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் அடுத்தடுத்து யார்க்கர்களை வீசியது அவரைத் தமிழகம் முழுவதும் அறிய வைத்தது. 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்த அவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் 6 ஆட்டங்கள், 2 விக்கெட். அடுத்த ஆண்டு ஐதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கியது; இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. கடைசி ஓவர் வல்லுநர் என்ற முத்திரையின் இடர் இங்கே வெளிப்படுகிறது. அந்த வேலைக்கு அணியில் ஒரே ஓர் இடம்தான். அதில் வேறொருவர் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

2020இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஐ.பி.எல். அவருக்கு வழிவிட்டது. 16 ஆட்டங்களில் 16 விக்கெட். அபுதாபியில் நடந்த எலிமினேட்டர் ஆட்டத்தில் ஏ. பி. டிவில்லியர்சின் ஸ்டம்பை யார்க்கரால் பெயர்த்தது அந்தப் பருவத்தின் மறக்க முடியாத பந்துகளில் ஒன்று. வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்றார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார்.

இந்தக் கட்டுரைக்குத் தேவையானது அந்தப் பயணத்தின் விவரம்தான். 2020 டிசம்பர் 2, கான்பெரா, முதல் ஒருநாள் ஆட்டம். யார்க்கருக்காக அழைத்துவரப்பட்டவருக்குப் புதிய பந்து கொடுக்கப்பட்டது. தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய மார்னஸ் லபுஷேனை போல்டாக்கினார். கடைசிக் கட்டத்தில் திரும்பி வந்து ஆஷ்டன் ஏகரை வெளியேற்றினார். 70 ரன்னுக்கு 2 விக்கெட்; இந்தியா 13 ரன்னில் வென்றது. இரண்டு நாள் கழித்து முதல் இருபது ஓவர் ஆட்டத்தில் 30 ரன்னுக்கு 3 விக்கெட். டிசம்பர் 6இல் சிட்னியில் ஆஸ்திரேலியா 194 ரன் குவித்த ஆட்டத்தில் இவர் நான்கு ஓவரில் கொடுத்தது 20 ரன் மட்டுமே.

2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட். பும்ரா, ஷமி, உமேஷ் யாதவ், அஸ்வின், ஜடேஜா எல்லோரும் காயத்தில் இருந்தனர். அந்த ஆட்டத்தில் நடராஜன் முதல் இன்னிங்ஸில் 24.2 ஓவர் வீசி 78 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார். சதமடித்த லபுஷேன் அதில் ஒருவர். இரண்டாவது இன்னிங்ஸில் 14 ஓவர், விக்கெட் இல்லை. மொத்தம் 230 பந்துகள். கிட்டத்தட்ட பத்து ஐ.பி.எல். ஆட்டங்களின் பந்துகளை ஐந்து நாளில் வீசினார் என்று கணக்கிட்டால் வேலையின் அளவு புரியும். இந்தியா அந்த ஆட்டத்தையும் தொடரையும் வென்றது.

அதே ஆண்டு மார்ச் 28இல் புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். கடைசி ஓவரில் 14 ரன் தேவை, எதிரே 90 ரன்னைத் தாண்டி நிற்கும் சாம் கரன். நடராஜன் 6 ரன்தான் கொடுத்தார். இந்தியா 7 ரன்னில் வென்றது. கரன் 95 ரன்னுடன் நின்றுவிட்டார். க்ளோசர் என்ற சொல்லின் பொருள் தெரிய வேண்டுமானால் மாணவர்கள் அந்த ஓவரின் காணொளியைப் பார்க்கலாம்.

2021 ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் அவருடைய ஆட்டம் பெரும்பாலும் இருபது ஓவர் போட்டிகளில்தான். அதில் குறைவில்லை: 2022இல் 11 ஆட்டங்களில் 18 விக்கெட், 2024இல் 14 ஆட்டங்களில் 19 விக்கெட். 2024 ஏப்ரலில் டெல்லிக்கு எதிராக 19 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தபோது பத்தொன்பதாவது ஓவரில் ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் ஏலத்தில் டெல்லி 10.75 கோடிக்கு அவரை வாங்கியது. ஆனால் இந்தியாவுக்காக ஆடியவை ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர் ஆட்டங்கள்தாம். புதிய பந்தில் அவர் திறமையில்லாதவர் என்று பிரிஸ்பேனைப் பார்த்தவர் சொல்ல மாட்டார். நாள் முழுதும் வீசும் பழக்கம் உடலுக்கு ஏறவேண்டிய வயதில் அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்து.

தொடங்கி, பிறகு முடித்தவர்கள்

லட்சுமிபதி பாலாஜி எதிர்வழியில் வந்த தமிழர். 2004இல் பாகிஸ்தான் பயணத்தில் ஸ்விங் வீச்சாளராகப் புகழ்பெற்றார். ராவல்பிண்டி டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் 4 விக்கெட் எடுத்தார். முதுகெலும்பில் ஏற்பட்ட காயம் அவரைச் சில ஆண்டுகள் வெளியே நிறுத்தியது. திரும்பி வந்தபோது பழைய வேகமில்லை. அதற்குப் பதில் மெதுவான பந்துகளையும் அனுபவத்தையும் வைத்துக்கொண்டு, 2008 மே மாதம் சேப்பாக்கத்தில் சென்னை அணிக்காகப் பஞ்சாபுக்கு எதிராக 24 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். அதில் கடைசி ஓவரில் எடுத்தது ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக். புதிய பந்தில் கற்றவர் வேகம் குறைந்தபின்னும் கடைசி ஓவரில் பிழைத்துக்கொள்ள முடிந்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. உத்தரப் பிரதேசத்தின் புவனேஷ்வர் குமாரும் ஸ்விங்கில் தொடங்கி யார்க்கரைப் பின்னர் சேர்த்துக்கொண்டவர். 2016, 2017 ஆகிய இரண்டு ஐ.பி.எல். பருவங்களிலும் அதிக விக்கெட் எடுத்தவர் அவரே.

மலிங்கா 2004இல் டெஸ்ட் ஆடத் தொடங்கி 30 டெஸ்ட்டில் 101 விக்கெட் எடுத்தார். 2011இல், முப்பது வயதுக்குள்ளாகவே, முழங்கால் காரணமாக டெஸ்ட்டை விட்டார். கடைசி ஓவர் வேலை அவருக்கு அடுத்த ஒன்பது ஆண்டுகளைக் கொடுத்தது. 2014 இருபது ஓவர் உலகக் கோப்பையை இலங்கை வென்றபோது தலைவர் அவர்தான்.

பும்ராவைப் பற்றி

‘முதலில் முடிப்பவராக வந்து பிறகு தொடங்குபவராக ஆகலாமே’ என்று வாதிடுவோர் உடனே சொல்லும் பெயர் ஜஸ்பிரித் பும்ரா. 2013இல் மும்பை அணிக்கு வந்து, கடைசி ஓவர் வல்லுநராகவே 2016இல் இந்திய அணியில் நுழைந்தார். 2018 ஜனவரியில் கேப்டவுனில் முதல் டெஸ்ட். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 48 டெஸ்ட் விக்கெட். உண்மைதான். ஆனால் அவர் 2013 முதலே குஜராத்துக்காக ரஞ்சி ஆடிவந்தவர் என்பது அந்த வாதத்தில் விடுபட்டுவிடுகிறது. ஐ.பி.எல். ரசிகர்கள் யார்க்கரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் நான்கு நாள் ஆட்டங்களில் நீண்ட வீச்சுகளைப் பழகிக்கொண்டிருந்தார். அப்படிப் பழகியும் முதுகு தப்பவில்லை: 2019இல் எலும்பு வெடிப்பு, 2023இல் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை.

உடல் தாங்கும் அளவு

கடைசி ஓவர் வேலைதான் இளையவரின் உடலுக்கு நல்லது, பந்து குறைவு என்று சிலர் கருதுகிறார்கள். பாதிதான் சரி. இளம் வேகப்பந்து வீச்சாளர்களின் கீழ்முதுகில் ஏற்படும் எலும்பு வெடிப்புக்கு அதிகப் பந்துகள் ஒரு காரணம். திடீரென அளவு ஏறுவதும் ஒரு காரணம். ஏப்ரல், மே மாதங்களில் வாரம் 48 பந்து வீசியவர் டிசம்பரில் ஒரே வாரத்தில் 200 பந்து வீசினால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தின் கிரிக்கெட் வாரியம் வகுத்த வழிகாட்டுதலில் 13 வயதுக்குட்பட்டோர் ஒரு வீச்சில் 5 ஓவரும் நாளுக்கு 10 ஓவரும், 19 வயதுக்குட்பட்டோர் ஒரு வீச்சில் 7 ஓவரும் நாளுக்கு 18 ஓவரும் என வரம்பு வைக்கப்பட்டது. அமெரிக்க பேஸ்பால் அமைப்புகள் 2014இல் வெளியிட்ட விதிமுறைப்படி 11, 12 வயதினர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கும் 17, 18 வயதினர் 105 பந்துகளுக்கும் மேல் எறியக் கூடாது. உச்ச அளவை நெருங்கினால் நான்கு நாள் ஓய்வு. நம் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் நான்கு டென்னிஸ் பந்து ஆட்டம் ஆடும் பதினாறு வயதுப் பையனின் பந்துகளை யாரும் எண்ணுவதில்லை.

எதை முதலில் கற்பது

சுழற்பந்து வீச்சாளர்களுக்கு இக்கேள்வி இவ்வளவு கடுமையாக எழுவதில்லை. 2011 ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கத்தில் முதல் ஓவரையே வீசிய அஸ்வின், கிறிஸ் கெயிலை ரன் எடுக்கவிடாமல் வெளியேற்றினார். வாஷிங்டன் சுந்தர் 18 வயதில், 2018 நிதாகஸ் கோப்பையில், தொடக்க ஓவர்களை வீசித் தொடர் நாயகன் ஆனார். உடல் சுமை குறைவு என்பதால் இளம் சுழற்பந்து வீச்சாளரைத் தயக்கமின்றித் தொடக்கத்தில் இறக்கலாம்.

வேகப்பந்துக்கு, மேலே கண்ட வாழ்க்கைகள் ஒரு பக்கமே சாய்கின்றன. பதினைந்து முதல் பத்தொன்பது வயது வரை புதிய பந்தே முதன்மையாக இருக்க வேண்டும். நல்ல நீளமும் தையல் நிலையும் அந்த வயதில் கைக்குப் பழகினால் நிற்கும். இருபத்தைந்தில் கற்பது கடினம். நீண்ட வீச்சுக்கு வேண்டிய உடலுரமும் ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகத்தான் ஏறும். யார்க்கரைப் பிறகும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதற்குப் பாலாஜியும் புவனேஷ்வரும் சான்று. எக்கர்ஸ்லி பேஸ்பாலில் அதையே காட்டினார். ஏற்கெனவே டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகி வரும் கிராமத்துப் பையனுக்கு இது இரட்டை லாபம்: அவனிடம் முடிக்கும் பந்து இருக்கிறது, தொடங்கும் பந்துதான் வேண்டும். அவனைப் பார்த்ததும் கடைசி ஓவரை மட்டும் கொடுத்து உட்கார வைப்பது, கணக்கில் நூறு வாங்குகிறான் என்பதற்காகத் தமிழ் வகுப்பிலும் கணக்கே போடச் சொல்வது போன்றது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் வருமானம் தேவைப்படும் இளைஞருக்கு இருபது ஓவர் லீக் ஒப்பந்தம் ஒன்றே பல ஆண்டுச் சம்பளம். நெசவுத் தொழிலாளி குடும்பத்தில் பிறந்த நடராஜனுக்கு 2017இல் கிடைத்த 3 கோடியை ரஞ்சி ஆட்டங்கள் தந்திருக்காது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதைத் தாண்டியவர், உடல் நீண்ட வீச்சைத் தாங்காது என்று தெரிந்தவர், யார்க்கரை நம்பி அந்த வழியில் போவதைக் குறைகூற முடியாது.

பள்ளி அணிகளில் இதை நடைமுறைப்படுத்தப் பெரிய வசதி தேவையில்லை. வலைப் பயிற்சியில் புதிய அல்லது அரைப் புதிய தோல் பந்தில் நான்கு ஓவர், ஐந்து நிமிட இடைவெளி, மீண்டும் மூன்று ஓவர். அதன்பின் கடைசிப் பன்னிரண்டு பந்துகள் மட்டும் பழைய பந்தில், க்ரீஸில் ஒரு காலணியை வைத்து அதைத் தட்டும்படி. வீசிய பந்துகளை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவைக்க ஒரு மாணவன் போதும். ஒரு வாரத்தின் எண்ணிக்கை முந்தைய வாரத்தைவிட மிகவும் கூடினால் அந்த ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் போட்டிக்கு அவனை அனுப்பாமல் இருக்கலாம். நடராஜன் தம் ஊரான சின்னப்பம்பட்டியில் அமைத்த மைதானம் 2023இல் திறக்கப்பட்டது. அங்கே பழகும் சிறுவர்களுக்கு, அவருக்கு இருபது வயதில் கிடைத்த தோல் பந்து பத்து வயதிலேயே கிடைக்கிறது.